பத்து நாள் பந்தாட்டம்

பிற தேசத்தார் அணியும் பந்தாட்டச் சட்டைகளைத் தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். அச்சட்டையைத் தைக்கும் தொழிலாளியின் மகன் பந்தாட இடம் எங்கே? மணிக்கணக்கில் வாடகை வாங்கும் புல்தரைகள் இருக்கின்றன. அவை அவனுக்கு எட்டா. சென்னையில் சம்பளத்திற்கு ஆடிய உள்ளரங்கக் குழுவொன்று தோன்றி மறைந்த கதையை நாம் இன்று பிரஸ்தாபிப்பது இதை முன்னிட்டே.

2016-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி சென்னை ஜவஹர்லால் நேரு உள்ளரங்கத்தில் 'பிரிமியர் புட்சால்' என்னும் பந்தயம் ஆரம்பமாயிற்று. ஆறு ஊர்களின் பெயரால் ஆறு குழுக்கள். சென்னைக்காக ஆட வந்தவர் பால்காவோ. 2008, 2012 இரு வருஷங்களிலும் புட்சால் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் குழுவினர். கோவாக் குழுவுக்கு ரொனால்டினோ. அவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டு ஜனங்களைப் பிரமிக்கச் செய்தார். சில நாளில் ஊருக்குப் புறப்பட்டும் விட்டார். 24-ந் தேதி கோவாவில் எல்லாம் முடிந்தது. கோப்பை மும்பைக்கு. 2017-ல் சென்னைக் குழு 'சிங்கம்ஸ்' என்ற புதுப் பெயரோடு வந்தது. மூன்றாவது பந்தயம் நடக்கவில்லை, சிங்கமும் போயிற்று.

பத்து நாள் ஆடும் குழுவில் சேர்ந்த நம் நாட்டு வாலிபன் மீதி 356 நாளும் என் செய்வான்? நட்சத்திரங்களைத் தருவித்த முதலாளிகள் இதை யோசித்ததாகத் தோன்றவில்லை.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமோ இப்பந்தயத்திற்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று ஆட்சேபித்தது. ஆட்சேபிக்க அதற்கு உரிமையுண்டு. ஆனால் நியாயஸ்தலத்தில் பழகிய நாம் அடுத்த கேள்வியையும் கேட்போம்: ஆட்சேபித்தவர் தம் கடமையைச் செய்தாரா? சம்மேளனம் தானே முதல் புட்சால் கிளப் பந்தயத்தை நடத்தியது 2021 நவம்பரில். இந்திய தேசியக் குழு முதன்முதல் களமிறங்கியது 2023-ல்.

இவ்வளவுக்கும் இது ஏழை ஊருக்கு ஏற்ற ஆட்டம். 1930-ல் உருகுவே தேசத்து மான்டிவிடியோ நகரில் செரியானி என்னும் ஆசிரியர், கூடைப்பந்துத் தரையில் ஆடுவதற்கென்றே இதை வகுத்தார். பக்கத்திற்கு ஐவர், அதிகம் துள்ளாத சிறு பந்து, இருபது நிமிஷமாக இரண்டு பாதி. மழையானாலும் இரவானாலும் ஆடலாம். ஷிப்டு முடிந்து வரும் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

பனியன் தொழிலதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமுள்ள கம்பெனிகள் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டுமென்கிறது. அதற்குரிய அட்டவணையில் விளையாட்டும் இருக்கிறது. அங்கே கண்டிருக்கும் சொல் 'பயிற்சி', காட்சியன்று. பெரிய பந்தயங்களுக்குரிய தரை 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதைவிட விசாலமான கிடங்குகளில் நம்மவர் துணி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.