லேமினேஷன் செய்த விவாகரத்து



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் கணவர், ‘இங்கேயே விவாகரத்து வாங்கிவிட்டேன்’ என்று போனில் சொல்கிறாராம். நம்புவதா, வேண்டாமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவராவது கேட்கிறார். எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. சொன்னதை அப்படியே நம்பி, கிட்டத்தட்ட இரண்டு வருடம் என்னை விவாகரத்து ஆனவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் திருமணம் நடந்தது 2009-ல், திருச்சியில். மாப்பிள்ளைக்கு டெக்சாஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஹூஸ்டன் நகரத்தை ஒட்டிய ஷுகர் லேண்ட் என்ற ஊரில் குடித்தனம். என்னுடையது மனைவிக்குத் தருகிற எச்-4 விசா. கணவரின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற விசா அது. அவர் மனைவியாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். பி.காம். படித்தும் வீட்டில்தான் இருந்தேன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்களுக்குள் என்ன நடந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அடி, உதை எல்லாம் இல்லை. பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. 2017-ல், “கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துட்டு வா” என்று குழந்தையோடு விமானம் ஏற்றி விட்டார். திரும்பி வர டிக்கெட் வரவே இல்லை.

2018 மார்ச் மாதம் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல். “கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. இனி தொந்தரவு செய்ய வேண்டாம்.” கூடவே ஒரு பக்கத்தின் புகைப்படம். மேலே வழக்கு எண், நடுவில் எங்கள் இரண்டு பேர் பெயர், ஓரத்தில் கோர்ட் தேதி முத்திரை. என் அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அழுகையை எங்களுக்குக் காட்டாமல் கடைக்குப் போய் அதைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் செய்து, ரேஷன் கார்டு இருக்கும் பீரோ தட்டில் வைத்தார். “ஒரிஜினல்னே போட்டிருக்கும்மா. பத்திரமா இருக்கட்டும்” என்றார்.

ஆமாம், ‘ஒரிஜினல்’ என்றுதான் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த வார்த்தையை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். அந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2020 ஜனவரியில் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், ஒரு மகன். எனக்கும் மனசு கொஞ்சம் இறங்கி வந்திருந்த நேரம். என் மகளும் அந்தப் பையனும் நன்றாகவே விளையாடினார்கள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “தப்பா நினைச்சுக்காதம்மா, கோர்ட் பேப்பரை ஒரு தடவை பார்க்கலாமா?” என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்பா பீரோவிலிருந்து அந்த லேமினேஷன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஜட்ஜ் கையெழுத்து எங்கே இருக்கு?” என்று கேட்டார். எட்டாவது வரைதான் படித்தவராம். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம். இன்றைக்கு அவர் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடுகிறேன்.

மறுநாளே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அட்டையைப் பார்த்தவர் ஒரே நிமிடத்தில், “இது தீர்ப்பு இல்லையே சார், மனு!” என்றார். ‘ஒரிஜினல் பெட்டிஷன் ஃபார் டைவர்ஸ்’ என்றால் வழக்குப் போட்டபோது கொடுத்த முதல் மனு. அங்கே மனுவுக்கும் தீர்ப்புக்கும் தலைப்பில் ‘இன்னார், இன்னார் திருமண விஷயத்தில்’ என்று ஒரே மாதிரிதான் இருக்குமாம். முடிந்திருந்தால் ‘ஃபைனல் டிக்ரி ஆஃப் டைவர்ஸ்’ என்றிருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் நீதிபதி கையெழுத்து இருக்க வேண்டும்.

“ஒருவேளை அதற்குப் பிறகு தீர்ப்பு வந்திருக்கலாம். இப்படி ஊகத்தில் உட்கார்ந்திருக்காதீங்க. அங்கே கோர்ட் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாருங்க” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொன்றும் சொன்னார். முதல் திருமணம் சட்டப்படி முடியாமல் நான் அடுத்த தாலியைக் கட்டிக்கொண்டால் அந்தத் திருமணமே செல்லாது. போதாததற்கு இருதாரக் குற்றம், ஏழு வருடம் வரை சிறை. அப்பா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டல்லாஸில் என் பெரியம்மா மகன் இருக்கிறார். அண்ணனிடம் சொன்னதும், “தேதி முத்திரை என்ன போட்டிருக்கு, படி” என்றார். மார்ச் 5. அப்பாவுக்குத் தகவல் வந்தது மார்ச் 14. “ஒன்பது நாளா? டெக்சாஸ்ல மனு கொடுத்து 60 நாள் ஆகாம விவாகரத்து தர மாட்டாங்களே பாப்பா. வீட்டில் வன்முறைன்னு நிரூபணமான கேஸுக்குத்தான் விலக்கு” என்றார். கை நடுங்கியது. இரண்டு வருடமாக எங்கள் பீரோவில் இருந்த அட்டையிலேயே விடை இருந்திருக்கிறது!

அடுத்து, எந்தக் கோர்ட்டில் தேடுவது? அங்கே கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போல. டெக்சாஸில் மட்டும் 254 கவுன்டிகள். நாங்கள் பேச்சுக்கு ஹூஸ்டன் என்று சொல்லிக்கொண்டிருந்ததால், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டிப் பதிவுகளில் முதலில் தேடினேன். எங்கள் பெயர் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, ஷுகர் லேண்ட் இருப்பது ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில். அதற்குத் தலைமை ஊர் ரிச்மண்ட். அங்கே மனுப் போட வேண்டுமென்றால் தம்பதிகளில் ஒருவர் மாநிலத்தில் ஆறு மாதமும், அந்தக் கவுன்டியில் 90 நாளும் வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கணவர் எங்கே குடியிருந்தார் என்று பார்த்துத் தேட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் வந்தது. கவுன்டி கிளர்க் என்று ஓர் அதிகாரி, டிஸ்ட்ரிக்ட் கிளர்க் என்று ஓர் அதிகாரி. கல்யாண லைசென்ஸ், நிலப் பத்திரம் எல்லாம் முன்னவரிடம். விவாகரத்து வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் நடப்பதால் அந்தக் கட்டுகள் பின்னவரிடம். பெயரைப் பார்த்து ஏமாந்து முன்னவருக்கு எழுதி ஒரு வாரம் வீணாக்கினேன். மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திலும் 1968 முதல் நடந்த விவாகரத்துகளின் பட்டியல் உண்டு. ஆனால் அவர்கள் தருவது ‘பதிவாகியிருக்கிறது’ என்கிற கடிதம்தான். தீர்ப்பின் நகல் வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம்தான் போக வேண்டும்.

கடைசியில் சரியான இடத்தில் இருவர் பெயரும் வந்தன. அவர் பெயருக்கு எதிரே மனுதாரர். என் பெயருக்கு எதிரே எதிர்மனுதாரர். என் மீது ஒரு வழக்கு நடந்திருக்கிறது. எனக்கு ஒரு தபால்கூட வரவில்லை. வழக்கு நிலை என்ற இடத்தில் ‘டிஸ்மிஸ்டு’ என்றிருந்தது. எனக்கு முழுதாகப் புரியவில்லை. அண்ணன் பிப்ரவரியில் ஒரு நாள் லீவு போட்டு, நாலு மணி நேரம் கார் ஓட்டி ரிச்மண்ட் போனார். கவுண்டரில் வழக்கு எண்ணைக் கொடுத்து, கட்டில் இருந்த தாள்களுக்கு முத்திரையோடு நகல் வாங்கினார். அங்கிருந்தே போன் செய்தார். நமக்கு நடு ராத்திரி.

“பாப்பா, டிக்ரின்னு ஒண்ணுமே இல்லை. உனக்கு சம்மன் போய்ச் சேர்ந்ததா ரிக்கார்டும் இல்லை. மேற்கொண்டு நடத்தாததால 2019-ல தள்ளுபடி பண்ணிட்டாங்க. நீ இன்னும் அவன் பொண்டாட்டிதான்.”

அழுதேனா, சிரித்தேனா என்று நினைவில்லை. பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஜீவனாம்சப் பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். மனுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவரே நினைத்திருப்பார் என்பது என் அம்மாவின் எண்ணம். அம்மாவுக்கு எல்லோரும் நல்லவர்கள்.

நகல்களைப் பார்த்த வக்கீலம்மா, “தீர்ப்பே வாங்கியிருந்தாலும் அது இங்கே செல்லுமான்னு ஒரு கேள்வி இருக்கும்மா” என்று ஒரு வழக்கைச் சொன்னார். 1975-ல் திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் மிசோரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் கவுன்டி கோர்ட்டில் 1980-ல் விவாகரத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். முதல் மனைவி விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1991-ல் அந்த அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று முடிந்தது. திருமணம் முறிந்துவிட்டது என்ற காரணத்தை வைத்து அங்கே விவாகரத்து கொடுத்திருந்தார்கள். நம் இந்து திருமணச் சட்டத்தில் அது தனிக் காரணமாக இல்லை. அந்த மனைவி அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்படவும் இல்லை. அந்த வழக்கிலும் போட்டோ நகலை ஏற்கலாமா என்றே ஒரு வாக்குவாதம் நடந்ததாம்! அதே சமயம் மனைவி தானே சம்மதித்திருந்தாலோ, அங்கே போய் நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் வழக்காடியிருந்தாலோ வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லும். ஆகவே சகோதரி, அங்கிருந்து வரும் எந்தத் தாளிலும், ‘ஒன்றுமில்லை, சும்மா ஒரு கையெழுத்து’ என்றாலும், வக்கீலிடம் காட்டாமல் போட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே அங்கே விவாகரத்து ஆகியிருந்தால் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கின் முத்திரை வைத்த நகலையும், அதன் மேல் அந்த மாநில அரசின் அப்போஸ்டில் சான்றையும் கேட்டு வாங்குங்கள். 2005 முதல் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. (இது டெக்சாஸ் கதை. வேறு மாநிலம் என்றால் கோர்ட்டின் பெயரும் நாள் கணக்கும் மாறும்.)

நான் இங்கேயே மனுப் போடுவதென்று முடிவு செய்தேன். கல்யாணம் நடந்த ஊரிலும் போடலாம், மனைவி இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம் என்று 2003-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே திருச்சி. முத்திரை வைத்த தள்ளுபடி உத்தரவைப் பார்த்தபின் அவரும் இறங்கி வந்தார். கொரோனாவால் தள்ளிப்போய், 2021 கடைசியில் அவர் ஊருக்கு வந்தபோது பரஸ்பர சம்மத மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். மகளின் படிப்புச் செலவையும் அதிலேயே எழுதி வாங்கினேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை அவர் வீடியோவில் வந்தார். நீதிபதி கேட்ட கேள்விக்கு, “ஆமாம்” என்று ஒரே வார்த்தை. பதின்மூன்று வருடம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது.

கரூர் வரன் காத்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தீர்ப்பு நகலுக்கு மனுக் கொடுத்து, ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வந்தேன். அப்பா ஒன்றைக் கையில் எடுத்து ஜட்ஜ் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “லேமினேஷன் கடை திறந்திருக்கும்” என்று கிளம்பினார். “அப்பா, இதைச் செய்யக் கூடாது. கோர்ட்டில் எடுக்க மாட்டாங்க” என்று வாங்கி வைத்தேன்.

பழைய அட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தூக்கிப்போட அப்பா விடவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.