'ஃபார்மட் அடிச்சுடலாம் தம்பி!' - ஒரு நிமிஷம் பாஸ்...

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்கிரேட் பட்டனைத் தட்டியிருப்பீங்க. எட்டு மணிக்கு 71 பர்சன்ட். ஒன்பதரைக்கு ஒரு ரீஸ்டார்ட். அப்புறம், 'செய்த மாற்றங்களை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. விண்டோஸ் 11 வரும்னு உட்கார்ந்திருந்தா, பழைய விண்டோஸ் 10-ஏ கொட்டாவி விட்டுக்கிட்டு வந்து நிற்கும். சில வீடுகளில் அதுவும் வராது. கறுப்பு ஸ்க்ரீன், மூலையில் ஒரு கோடு மினுக் மினுக்!

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. 'சரி, மாறிடலாம்' என்று கிளம்பி மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர். அடுத்து நடக்கிறது உங்களுக்கே தெரியும். சி.பி.யூ.வை வண்டியில் முன்னாடி வெச்சுக்கிட்டு கேம்ப் ரோடு பக்கமோ சானடோரியம் பக்கமோ ஒரு சர்வீஸ் கடை. அங்கே அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்: "ஃபார்மட் அடிச்சுடலாம் தம்பி, டி டிரைவ்ல கை வைக்க மாட்டேன்."

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. என்ன கோளாறுன்னு தேடினால் அரை நாள் போகும். அதுக்கு நாம காசு தரப்போறதில்லை. ஃபார்மட் என்றால் ஒரு மணி நேரம். ஆனா பாஸ், நீங்க ராத்திரி பகலா அடிச்ச ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எங்கே இருக்கு? டெஸ்க்டாப்பில். அக்கா கல்யாண போட்டோ? டவுன்லோட்ஸில். ரெண்டுமே சி டிரைவுக்குள்ளதான் குடியிருக்கு. டி டிரைவ் பத்திரமா இருந்து என்ன புண்ணியம்?

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஃப்ரெண்ட் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட், உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை 'லைவ்' ஆக ஏத்திக்கோங்க. உங்க மிஷினில் அதைச் செருகி, எஃப்12, சில போர்டுகளில் எஃப்8 அல்லது எஃப்11, தட்டி பென்டிரைவில் இருந்தே ஸ்டார்ட் பண்ணுங்க. எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே உங்க சி டிரைவ் ஒரு ஃபோல்டரா திறக்கும். வேண்டியதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிட்டு அப்புறம் நிம்மதியா சண்டை போடலாம். டிரைவ் 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால் மட்டும் 48 இலக்க சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும், மொபைலிலேயே பார்த்துக்கலாம்.

'அப்கிரேட்தானே, ஃபைல் எல்லாம் எங்கே போயிடும்' என்று நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விட்ட 1809 என்கிற விண்டோஸ் 10 அப்டேட், சில பேருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே துடைச்சுட்டுப் போச்சு. சில நாளிலேயே கம்பெனி அதை நிறுத்தி வெச்சது. பெரிய இடத்திலேயே அப்படி!

சரி, ஏன் ஃபெயில் ஆகுது? ஸ்க்ரீனில் ஒரு நம்பர் வருமே, அதைத்தான் நாம படிக்காம மூடிடறோம். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. 80070070 என்று முடிந்தால் இடம் பத்தலைன்னு அர்த்தம். நம்ம ஊர் அசெம்பிள்டு செட்டுகளில் சி டிரைவுக்கு 50 ஜி.பி. ஒதுக்கிட்டு, மீதியை எல்லாம் 'மூவீஸ்', 'சாங்ஸ்'னு பிரிச்சுக் கொடுக்கற பழக்கம் ஒண்ணு இருந்தது. அதோட வட்டியை இப்போ கட்டுறோம். 11-க்கு மொத்தம் 64 ஜி.பி. டிஸ்க் வேணும். அப்கிரேட் நேரத்தில் 20 ஜி.பி.க்கு மேல் காலியா இருந்தால் நல்லது.

சி1900101 என்று ஆரம்பித்தால் டிரைவர் தகராறு. இதுதான் அதிகம் படுத்தும். பிரின்டர், டாங்கிள், எக்ஸ்டர்னல் டிஸ்க், வெப்கேம் எல்லாத்தையும் பிடுங்குங்க. கீபோர்டும் மவுஸும் போதும். வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தால் தற்காலிகமா எடுத்துடுங்க. கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைப் புதுசாக்குங்க. பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிஞ்சிடும். சி1900208 என்றால் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஒத்துவராம வழியை மறிக்குது. சி1900200 என்றால் மிஷினுக்கே தகுதி இல்லை.

யாரோ வெட்டி ஒட்டி 'லைட்' என்று பேர் வெச்ச திருட்டு விண்டோஸா? அப்டேட்டுக்கு வேண்டிய பாகங்களையே அதில் கழட்டியிருப்பாங்க. எத்தனை தடவை தட்டினாலும் ஏறாது. அதுக்கு நாலு நாள் மெனக்கெடறதில் அர்த்தமே இல்லை.

இனி தகுதி விஷயம். 'டி.பி.எம். 2.0 இல்லை' என்று வந்தால் உடனே சோர்ந்துடாதீங்க. நிறைய போர்டுகளில் அது இருக்கும், ஆஃப் ஆகிக் கிடக்கும். பயாஸுக்குள் போய் இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்று தேடி ஆன் பண்ணினால் போதும். அதுக்கு முன்னாடி, பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமா நிறுத்தி வெச்சுடுங்க. ஆனா இங்கேதான் ஒரு பெரிய குழி இருக்கு. 'செக்யூர் பூட் வேணும்'னு எங்கேயோ படிச்சுட்டு, பழைய பூட் முறையை (சி.எஸ்.எம். என்று போட்டிருக்கும்) ஆஃப் பண்ணிட்டு வெளியே வந்தால் கம்ப்யூட்டர் கிளம்பவே கிளம்பாது! ஏன்னா உங்க டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில் இருக்கு. புது முறைக்கு ஜி.பி.டி. வேணும். பதறாம அந்த செட்டிங்கைத் திரும்ப மாத்துங்க, உயிர் வந்துடும். விண்டோஸோடவே 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' என்று ஒரு கருவி வருது. பேக்கப் எடுத்துட்டு முதல்ல அதை ஓட்டி டிஸ்க்கை மாத்திட்டு, அப்புறம் பயாஸில் கை வைங்க. வரிசை மாறினால் வம்பு.

யு.பி.எஸ். இல்லாம இதில் எதையும் ஆரம்பிக்காதீங்க. மழை வந்தால் நம்ம புறநகரில் கரன்ட் என்ன பண்ணும்னு சொல்லவே வேணாம். மழை என்றதும் 2015 டிசம்பர் ஞாபகம் வருது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை சி.பி.யூ. பக்கத்திலேயே வைக்காம பரண் மேல வைங்க ப்ளீஸ்.

11 ஏறிடுச்சு, ஆனா பிடிக்கலை அல்லது பிரின்டர் ஓடலையா? பத்து நாளைக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' தட்டினால் பழையது திரும்பும். இடம் வேணும்னு 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டரை அவசரப்பட்டு அழிச்சுட்டா அதுவும் போச்சு.

அப்புறம், எதைப் பண்ணியும் ஏறாத மிஷின்கள். இன்டெல் என்றால் பொதுவா எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பிறகு வந்த பிராசஸர் வேணும். 2011 செப்டம்பரில் ஆரம்பித்த தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பை இன்னும் அண்ணன், அக்காகிட்ட இருந்து வாங்கி ஓட்டிக்கிட்டிருக்கிற வீடுகள் உண்டு. அதில் முதல் சில வருஷத்து லேப்டாப் எதுவும் இந்தக் கோட்டைத் தாண்டாது. குறுக்கு வழியில் ஏத்தினவங்களும் இருக்காங்க. ஆனா 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு ரொம்பப் பழைய பிராசஸர்களில் ஸ்டார்ட்டே ஆகாது. விண்டோஸ் 10-லேயே இருக்க நினைச்சவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தர்றதா மைக்ரோசாஃப்ட் சொன்னது. 30 டாலர் கட்டணும், இல்லேன்னா செட்டிங்ஸை அவங்க கிளவுடில் பேக்கப் பண்ணினால் இலவசம். இது வெறும் வாய்தாதான்.

வாய்தா முடிஞ்சா? அந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்ததே, யாராவது திறந்து பார்த்தீங்களா? பெரும்பாலும் முதல் நாளே அழிச்சிருப்பீங்க! அதை உருவாக்கினது நம்ம சென்னை சி-டாக். இந்த ஓப்பன் சோர்ஸ் வேலைக்காக சி-டாக்கோட கைகோர்த்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே இருக்கு. டெய்லி ட்ரெயினில் தாண்டிப் போற இடம்!

ஃபைலைக் காப்பாத்த நீங்க போட்டீங்களே அந்த லைவ் பென்டிரைவ், அதையே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. வைஃபை பிடிக்குதா, தமிழ் டைப் ஆகுதா, பிரின்டர் பேசுதா என்று தெரிஞ்சிடும். ப்ரௌசிங், பைத்தான், ரெக்கார்டு நோட்டு அடிக்கிறது எல்லாம் ஜோரா ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினால் இன்னும் ஜோர். ஆட்டோகேட் தேவைப்படுற சிவில், மெக்கானிக்கல் பசங்களுக்கும் டேலி பழகற பி.காம். பசங்களுக்கும் மட்டும் இது சரிப்படாது. அவங்க காலேஜ் லேபில் வேலையை முடிச்சுக்கிட்டு, மெதுவா காசு சேர்த்து மிஷினை மாத்திக்கலாம்.