பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? தோட்ட ரயிலுக்கு நீலகிரி சொல்லும் கணக்கு

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து 2021-ஆம் ஆண்டு புத்தம் புதிய நீராவி எஞ்சின் ஒன்று வெளியே வந்தது. நிலக்கரியில் ஓடும் எஞ்சின் அது. நாட்டில் வந்தே பாரத் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்ட பிறகு, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914-இல் உருவான ‘எக்ஸ்’ வகை எஞ்சினை அடியொற்றி அதைக் கட்டினார்கள். நூறாண்டு பழைய வடிவத்தை எதற்காகத் திரும்பவும் செய்ய வேண்டும்?

காரணம், மலையின் சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ. நீளும் நீலகிரி மலை ரயில் பாதை, கல்லாறு தாண்டியதும் செங்குத்தாகிறது. சில இடங்களில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏறியாக வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றுவது உராய்வால் மட்டும்தான். மழையில் நனைந்த சரிவில் அந்தப் பிடியை நம்ப முடியாது. அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரட்டைச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி வருவதால், எந்த நொடியிலும் பிடி விடுபடாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு இது.

‘எக்ஸ்’ எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கொதிகலனிலிருந்து வரும் அழுத்தம் மிகுந்த நீராவி முதலில் இரண்டு சிலிண்டர்களில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே அழுத்தம் தணிந்த நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பல்சக்கரங்களை இயக்குகிறார்கள். சரிவு முடிந்ததும் பின்னவை ஓய்வெடுக்கும்.

அடுப்பில்தான் மாற்றம் வந்தது. நிலக்கரியின் தரம் குறைந்தால் நீராவி குறையும்; கோடையில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி காட்டுக்கும் ஆபத்து. ஆகவே எண்ணெயில் எரியும் நான்கு புதிய எஞ்சின்களை 2011 முதல் பொன்மலை செய்து தந்தது. பாரம்பரிய உருவம் வேண்டும் என்பதற்காகப் பின்னர் நிலக்கரி எஞ்சினும் வந்தது. குன்னூருக்கு மேலே பல்சட்டம் இல்லை. அங்கே டீசல் எஞ்சின்கள் இழுக்கின்றன. ஒரே பாதையில் இத்தனை வகை! எங்கே எது ஓட வேண்டும் என்பதைச் செய்த ஆண்டைவிடச் சரிவும் எரிபொருளும் பழுது பார்க்கும் வசதியுமே முடிவு செய்திருக்கின்றன.

வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லேமன் நிறுவனம் 1968-இல் ‘எல்ஜிபி’ ரயில்களை 45 மி.மீ. பாதையில் அறிமுகப்படுத்தியது. மீட்டர் கேஜ் பாதையை 22.5 மடங்கு சிறிதாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய அந்த அகலம். நீலகிரிப் பாதையும் மீட்டர் கேஜ்தான். ஆக, ‘எக்ஸ்’ எஞ்சினின் மாதிரி தோட்டத்தில் அளவு பிசகாமல் ஓடும்.

ஆனால் இயற்பியல் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. நீளம் 22.5 மடங்கு குறையும்போது பரப்பு சுமார் 506 மடங்கும், கொள்ளளவு சுமார் 11,390 மடங்கும் குறைகின்றன. ஏறக்குறைய 50 டன் எஞ்சின் நாலரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். வெப்பத்தைத் தேக்குவது கொள்ளளவு, இழப்பது பரப்பு. எனவே குட்டிக் கொதிகலன் மிக விரைவாக ஆறிவிடுகிறது. அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும் பழைய மாதிரிகளில் காற்றடித்தால் சுடர் அலையும், அழுத்தம் விழும். பியூட்டேன் வாயு அடுப்பைக் கொதிகலனின் குழாய்க்குள்ளேயே வைத்த பிற்கால மாதிரிகள் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தன. உண்மையான நீராவிதான் வேண்டும் என்பவருக்குப் புதியதே நல்லது.

மின்சார எஞ்சின்களில் கதை வேறு. பழையவற்றில் தண்டவாளத்தின் மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும்; துருவத்தை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கிப் போகும். சில திருகுகளைக் கழற்றினால் மோட்டார் கைக்கு வந்துவிடும். புதியவற்றில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி முகவரியும் டீகோடரும் உண்டு. ஒரே பாதையில் இரண்டை வெவ்வேறு வேகத்தில் ஓட்டலாம், விசில் ஒலி கேட்கலாம். டீகோடர் பலகை பழுதானால் மட்டும் அதே பாகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் ஒருவர் தோட்ட ரயில் போடுவதாக வைத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் அந்த மலையில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டத்தில் மூடுபனியும் மழையும் உதிர்ந்த இலையும் எப்போதும் இருக்கும். ஈரத்தில் பித்தளைத் தண்டவாளத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும். மின்சாரம் விட்டுவிட்டு வரும். இங்கே மின்சாரத்தைத் தண்டவாளத்தில் அனுப்பாமல் பேட்டரியில் ஓட்டி, ரேடியோவில் கட்டுப்படுத்துவது நல்ல வழி. பாதையை மேட்டுக்கு நேராக ஏற்றாமல் படிக்கட்டு நிலத்தின் விளிம்பை ஒட்டி வளைத்துவிட வேண்டும். 10 மீட்டருக்கு 30 செ.மீ.க்கு மேல் ஏறினால் சாதாரணச் சக்கரம் திணறும். குறுகிய படிகளில் வளைவும் சிறிதாகத்தான் அமையும். 60 செ.மீ. ஆர வளைவிலும் திரும்பும் பழைய குட்டை எஞ்சின்கள் அங்கே கைகொடுக்கும். உண்மை அளவுக்கு நீளமாகச் செய்யப்படும் புதிய மாதிரிகள் பலவற்றுக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும்.

பொன்மலை பழைய வடிவத்துக்குப் புதிய உடல் தந்தது. தோட்டக்காரர் பழைய உடலுக்குப் புதிய மின்சாரம் தரலாம். பழையதை வாங்கும்போது ஓடவிட்டுப் பார்த்து, அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தின் முலாம் தேய்ந்திருக்கிறதா, மோட்டாரின் கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று கவனிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், பேட்டரியையும் ரிசீவரையும் எஞ்சினுக்குள் திணிக்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு சரக்குப் பெட்டியில் வைத்து, இரண்டு ஒயர்களை இழுத்து மோட்டாரோடு இணைக்கலாம். நாளைக்கு எலெக்ட்ரானிக்ஸ் பழுதானால் பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் போதும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம்.