சாக்கடையில் வெள்ளி ஓடலாமா?

குட்டீஸ், உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளை படம் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டியின் தலைமுடி கறுப்பாகத் தெரிகிறது அல்லவா? அந்தக் கறுப்பு எது தெரியுமா? மையா, சாயமா? இரண்டும் இல்லை. அது வெள்ளி! ஆமாம்... கொலுசு செய்கிறார்களே, அதே வெள்ளிதான்!

'வெள்ளி பளபளவென்று தானே இருக்கும்?' என்கிறீர்களா? பெரிய கட்டியாக இருந்தால் பளபளக்கும். மிக மிகச் சிறு துகள்களாகச் சிதறிக் கிடந்தால், வெளிச்சத்தை விழுங்கிவிட்டு கறுப்பாகத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளை படங்கள் எல்லாமே வெள்ளித் துகளால் வரைந்த ஓவியங்கள்தான்.

சரி, படத்துக்குள் இருக்கும் வெள்ளி பத்திரமாக இருக்கிறது. படம் கழுவும்போது வெளியேறிய வெள்ளி எங்கே போனது? அந்தக் கதையைக் கேட்க, திருவண்ணாமலைக்குப் போவோமா?

மலையடிவாரத்தில் கேமரா

1950ம் ஆண்டு ஏப்ரல் மாதம். உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன், தன் கேமராவுடன் திருவண்ணாமலை வந்திருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவரைப் படம் எடுத்தவர் இவர்.

அந்தக் காலத்தில் 'கிளிக்' செய்ததும் படத்தைப் பார்க்க முடியாது. கேமராவுக்குள் பிலிம் சுருள் இருக்கும். அதன்மேல் வெள்ளி உப்பு பூசியிருப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த உப்பு லேசாக மாறும். ஆனால், கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிலிமை இருட்டறைக்குக் கொண்டுபோய், 'டெவலப்பர்' என்ற திரவத்தில் போட வேண்டும். அப்போது, வெளிச்சம் பட்ட உப்பு மட்டும் கறுப்பு வெள்ளித் துகளாக மாறும். படம் மெதுவாக எழும்பி வரும்.

வெளிச்சம் படாத உப்பு அப்படியே மிச்சம் இருக்குமே... அதை நீக்காவிட்டால் படம் முழுவதும் கறுத்துப் போகும். அதை நீக்கத்தான் 'ஹைப்போ' என்ற திரவம். சோடியம் தயோசல்பேட் என்பது இதன் வேதியியல் பெயர். இது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819ல் கண்டுபிடித்தவர், இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இவர் வானியல் அறிஞரும்கூட!

கலர் படத்தில் இன்னொரு ஆச்சரியம். அதில் நாம் பார்ப்பது சாயம் மட்டுமே. சாயத்தை உண்டாக்க உதவிய வெள்ளி முழுவதையும் கழுவி எடுத்துவிடுவார்கள். அதாவது, கலர் படம் கழுவினால் மொத்த வெள்ளியும் கழிவுத் திரவத்துக்கு வந்துவிடும்!

எவ்வளவு வெள்ளி?

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் தயாரித்தார்கள், தெரியுமா? 1960ல் ஊட்டியில் மத்திய அரசு தொடங்கிய 'ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' நிறுவனம்தான் அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. டிஜிட்டல் கேமரா வந்ததும் பிலிமுக்கு வேலை குறைந்தது. இப்போது அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

பிலிம் கொடிகட்டிப் பறந்த 1999ம் ஆண்டு வாக்கில், உலகம் பயன்படுத்திய வெள்ளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புகைப்படத் தொழிலுக்கே போனது.

பல பிலிம்களைக் கழுவிய ஒரு லிட்டர் ஹைப்போவில், சில கிராம் வெள்ளி கரைந்திருக்கும். அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. கழிவைச் சோதிக்கும்போது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் வெள்ளி இருந்தாலே அது 'ஆபத்தான கழிவு'. 5 கிராம் என்றால் 5,000 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஆயிரம் மடங்கு!

மீனுக்கு மூச்சுத் திணறும்

'வெள்ளித் தட்டில் சாப்பிடுகிறார்களே, அது எப்படி விஷம்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? நல்ல கேள்வி. கட்டியாக இருக்கும் வெள்ளி நம்மை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் அயனியாகக் கரைந்த வெள்ளியோ, மீனின் செவுளைப் பாதிக்கும். மிகக் குறைந்த அளவே போதும். ஹைப்போவில் உள்ள வெள்ளிக்கு அந்த வேகம் குறைவுதான். அதற்காக, குளத்தில் கொட்டிவிடலாம் என்று அர்த்தம் இல்லை.

டெவலப்பரும் ஹைப்போவும் தண்ணீரில் கலந்தால், அதில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அப்புறம் மீன் எதைச் சுவாசிக்கும்? இன்னொன்று... வெள்ளி, பாக்டீரியாவைக் கொல்லும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வதே பாக்டீரியாக்கள்தான். துப்புரவு வேலை செய்பவர்களுக்கே விஷம் கொடுக்கலாமா?

திருவண்ணாமலையைக் கவனியுங்கள். மலையைச் சுற்றி 14 கி.மீ., கிரிவலப் பாதை. வழியெங்கும் குளங்கள். மலைமேல் பெய்த மழை, ஓடைகள் வழியே இந்தக் குளங்களில் சேர வேண்டும் என்றுதான் முன்னோர் வெட்டி வைத்தார்கள். தீபத் திருவிழா முடிந்ததும் ஐயங்குளத்தில் தெப்பம் விடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? இங்கே பூமிக்கு அடியில் கடினப் பாறை. அதன் விரிசல்களில் தான் நிலத்தடி நீர் தங்கும். அப்படிப்பட்ட ஊரில் குளத்து நீரைக் கெடுத்துவிட்டு, வேறு தண்ணீர் தேட முடியாது.

கோவில் ஊர் என்றால் ஸ்டூடியோ, பிரின்டிங் பிரஸ், பிளக்ஸ் கடை எல்லாம் இருக்கும் தானே. 'என் கடையில் வாரத்துக்கு இரண்டு லிட்டர் தானே... அதை ஊற்றினால் என்ன ஆகிவிடும்?' என்று ஒருவர் நினைக்கலாம். இருபது கடைக்காரர்களும் அப்படியே நினைத்தால், வாரத்துக்கு 40 லிட்டர். ஒரு வருஷத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல்!

விஷத்தைக் காசாக்கலாம்!

நல்ல செய்தி என்ன தெரியுமா? சாக்கடைக்குப் போவதற்கு முன் பிடித்துவிட்டால், அந்த வெள்ளி காசு!

நீலநிற மயில் துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், ஆணிமேல் செம்பு படியும். பள்ளிக்கூட சோதனைச்சாலையில் செய்து காட்டுவார்கள். அதே தத்துவம் தான் இங்கேயும். பழைய ஹைப்போவை, மெல்லிய இரும்பு நார் அடைத்த டப்பா வழியே மெதுவாக ஓடவிடுவார்கள். இரும்பு கரைந்து போகும். அதன் இடத்தில் வெள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு வழி, மின்சாரம். கரைசலுக்குள் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், ஒரு தகட்டில் வெள்ளி படியும். பெரிய லேப்களில் இதற்கென்றே இயந்திரம் உண்டு.

சின்ன ஸ்டூடியோக்காரர் இயந்திரம் வாங்க முடியாதே? வாங்க வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஹைப்போவைத் தனியாகவும், டெவலப்பரைத் தனியாகவும் சேர்த்து, பெயர் எழுதி வைத்தால் போதும். பக்கத்துக் கடைகளும் சேர்ந்துகொண்டால், அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம். 2016ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஆபத்தான கழிவை உருவாக்குபவர்களே அதற்குப் பொறுப்பு. பொதுவாக அதை 90 நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது. இதைக் கண்காணிப்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மறுசுழற்சி செய்ய முடியாத கழிவைப் பாதுகாப்பாகப் புதைப்பதற்கு, கும்மிடிப்பூண்டியில் தனி இடம் உள்ளது.

வெள்ளியை எடுத்த பிறகு மிச்சமாகும் திரவமும் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. அதையும் சுத்திகரிக்கத்தான் வேண்டும்.

இப்போதுதான் செல்போன் இருக்கிறதே!

'இப்போது யார் பிலிம் கழுவுகிறார்கள்?' என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களையும், வெள்ளி உப்பு பூசிய தாளில் அச்சிடும் லேப்கள் இன்றும் உள்ளன.

பிரின்டிங் பிரஸ்சில் வேறு பிரச்னை. மெஷினில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய் போன்ற திரவத்தால் துடைப்பார்கள். அந்தத் துணியையும், துடைத்த திரவத்தையும் தெருவில் போடக் கூடாது. பிளக்ஸ் பேனர் பி.வி.சி., பிளாஸ்டிக்கால் ஆனது. எரித்தால் நச்சுப் புகை வரும். ஜெராக்ஸ் மெஷினின் டோனர் பொடி, காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருந்தால், எரிக்காதீர்கள். அதிலும் வெள்ளி இருக்கிறது. டாக்டருக்கு இனி தேவையில்லை என்று பெரியவர்கள் சொன்னால், மறுசுழற்சிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

* தீர்ந்துபோன பிரின்டர் கார்ட்ரிட்ஜை உடைத்துப் பார்க்காதீர்கள். வாங்கிய கடையிலேயே, 'திரும்ப எடுத்துக்கொள்வீர்களா அங்கிள்?' என்று கேளுங்கள்.

* பள்ளி ஆண்டு விழாவுக்கு பிளக்ஸ் வேண்டாம். துணி பேனரில் நீங்களே எழுதுங்கள்.

* ஸ்டூடியோ ரசாயனங்களை விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். ஹைப்போவில் ஆசிட் கலந்தால், மூச்சை அடைக்கும் வாயு வரும்.

* பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போகும்போது, 'அண்ணா, பழைய ஹைப்போவை என்ன செய்வீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அவருக்கு வெள்ளிக் கதை தெரியாமல் இருக்கலாம். அப்போது நீங்கள்தான் வாத்தியார்!

பாட்டியின் படத்தை மீண்டும் ஒரு முறை பாருங்கள், குட்டீஸ். இத்தனை வருஷமாக அந்த வெள்ளி, பாட்டியின் முகத்தை நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதன் மிச்சம் குளத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை இல்லையா?