ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர் யார்?

ஒரு மருந்து இன்ன நோயைத் தீர்க்கிறது என்று ஆராய்ச்சி ஏடு கூறினால் நாம் நம்புகிறோம். வேறு வழியில்லை, நோயாளி ஒவ்வொருவரும் தாமே சோதித்தறிய இயலாதன்றோ? ஆயினும், அவ்வாராய்ச்சிக்குப் பொருள் தந்தவர் யார், அதன் முடிவால் ஆதாயம் அடைபவர் யார் என்று நம்மில் பலர் வினவுவதில்லை. உண்மையைக் கண்டுரைக்கும் கடமை ஒருபுறமும், பணம் தந்தவரின் ஆதாயம் மறுபுறமுமாக ஆராய்ச்சியாளரை இழுக்கும் நிலையையே நலமுரண்பாடு என்கிறோம். அவர் நேர்மையற்றவர் என்பது இதன் பொருளன்று. மிக நேர்மையானவர்களும் இந்நிலையில் அகப்படுவதுண்டு. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் கழுத்தின் முற்பகுதியில் தைராய்டு என்னும் சுரப்பி உள்ளது. அதன் சுரப்பு குறைந்தால் உடல் சோர்வுறும், எடை கூடும், குளிர் தாங்காது. இதற்கு லெவோதைராக்சின் என்னும் மாத்திரையை நாள்தோறும், பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும், உண்ண வேண்டும். அமெரிக்காவில் இம்மருந்து பல பெயர்களில் விற்கப்பட்டது. அவற்றுள் சின்த்ராய்டு என்பதே பெருவாரியாக விற்பனையாயிற்று. விலையும் அதற்கே மிகுதி. மலிவான பிற மாத்திரைகள் இதற்கு ஈடாகா என்பது அதனைச் செய்தோர் வாதம்.

1986-இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ நிலையத்தைச் சேர்ந்த மருந்தியல் அறிஞர் பெட்டி டாங் அம்மையாரும் அவர்தம் துணைவரும், இம்மாத்திரைகள் ஒன்றுக்கொன்று சமமல்ல என்னும் கருத்தில் சிறு கட்டுரை வெளியிட்டிருந்தனர். தமக்கு உகந்த கருத்துடையவர் என்று நிறுவனத்தார் எண்ணினர் போலும். 1987-இல் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். தைராய்டு குறைந்த 22 பெண்களுக்கு, சின்த்ராய்டையும் வேறு மூன்று மாத்திரைகளையும் ஆறாறு வாரம் முறைமாற்றிக் கொடுத்துக் குருதியைச் சோதிப்பது ஏற்பாடு. 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவு தெரிந்தது: நான்கும் சமமே.

அம்மையார் தம் முந்தைய கருத்துக்கு மாறான முடிவை மறைக்க எண்ணவில்லை. ஆனால், அப்போது சின்த்ராய்டின் உரிமை பெற்றிருந்த பூட்ஸ் நிறுவனம் ஆய்வில் பல குறைகள் உள்ளன என்று பல்கலைக்கழகத்திற்கு முறையிட்டது. பல்கலைக்கழகம் விசாரித்தது, எளிதில் திருத்தக்க சிறு குறைகளே தென்பட்டன. கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏடு ஏற்று, 1995 ஜனவரியில் வெளியிட நாளும் குறித்துவிட்டது. அப்போதுதான் ஒப்பந்தத்தின் ஒரு வாசகம் தலைகாட்டிற்று. நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவின்றி முடிவுகளை வெளியிடலாகாது என்பதே அவ்வாசகம். வழக்கு வந்தால் தாங்கள் காக்க இயலாது என்று பல்கலைக்கழக வழக்கறிஞர்களும் கைவிட்டனர். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையில் அதே புள்ளிகளை எடுத்து, எதிரான முடிவு கூறும் கட்டுரை ஒன்றை நிறுவனத்து ஆய்வாளர்கள் வேறோர் ஏட்டில் வெளியிட்டனர். அவ்வேட்டின் ஆசிரியர் குழுவில் அவர்களுள் ஒருவரே இருந்தார் என்பதையும் ஈண்டுக் குறிக்கத்தான் வேண்டும்.

1996-இல் செய்தித்தாள் ஒன்று இதனை அம்பலப்படுத்திய பின்னரே தடை நீங்கி, 1997 ஏப்ரலில் அம்மையாரின் கட்டுரை அச்சேறிற்று. மலிவான மாத்திரைகளுக்கு மாறினால் அமெரிக்கருக்கு ஆண்டுக்கு 35 கோடி 60 லட்சம் டாலர் மிச்சமாகும் என்னும் மதிப்பீடு அதில் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. முடிவு தெரிந்த நாள்முதல் ஆறு ஆண்டுகளுக்கு மேல், அம்மிகுதி விலையைத் தந்தவர்கள் நோயாளிகளே.

இங்கே எவரும் பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதை நேயர்கள் நோக்க வேண்டும். பணத்தின் வேலை பெரும்பாலும் கணக்கில் தெரிவதில்லை. எதை ஆராய்வது, எம்மருந்தோடு ஒப்பிடுவது, எம்முடிவை அலமாரியில் பூட்டுவது என்னும் தேர்வுகளில் அது புகுந்துகொள்கிறது. போட்டி மருந்தைக் குறைந்த அளவிற் கொடுத்து ஒப்பிட்டால், கணக்கு வழுவாமலே வெற்றி கிட்டிவிடும். காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுமம் 75 ஆய்வேடுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுகள் நிறுவனத்துக்கு உகந்த முடிவையே பிறவற்றினும் மிகுதியாகக் கூறின. வழக்கமான தர அளவைகளால் அவ்வேறுபாட்டை விளக்க இயலவில்லை என்றது அவ்வறிக்கை.

நிறுவனப் பணமே வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? புதிய மருந்துகளின் சோதனைக்கு ஆகும் பெருஞ்செலவை வேறெவரும் முன்வந்து ஏற்பதில்லை. ஆகவே அது நடவாத காரியம். பணம் பெற்றதை வெளிப்படக் கூறும் வழக்கம் பல ஏடுகளில் வந்துவிட்டது. அது நன்றே, எனினும், கூறிவிட்டதாலேயே கறை நீங்கியதாகக் கருதுவோரை நாம் ஒப்புவதற்கில்லை. முடிவை வெளியிடும் உரிமை ஆய்வாளரிடம் இல்லாத ஆய்வுகளை ஏற்கலாகாது என்று 2001-இல் முன்னணி மருத்துவ ஏடுகளின் ஆசிரியர்கள் கூடி அறிவித்தனரே, அதுவே வேரைத் தொட்ட செயல்.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளுக்கான பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கப்பெற்றது. 2009 ஜூன் முதல் சோதனைகளை அதில் முன்கூட்டியே பதிதல் கட்டாயமாயிற்று. எந்நோய்க்கு எம்மருந்து, எதனோடு ஒப்பீடு, எவ்வளவு பேர், பணம் தருபவர் எவர் என்பனவற்றை எவரும் அதில் கட்டணமின்றிக் காணலாம். பணம் தருபவருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் வாசகம் மட்டும் அதில் இல்லை.