எண்ணிமச் சேமகம் – 7: நாடாவுக்குப் போன கோப்பு

படிநிலைச் சேமிப்பில் அடிக்கடி திறக்கப்படும் கோப்புகள் வன்தட்டில் இருக்கும். மாதக்கணக்கில் யாரும் தொடாதவை விலை குறைந்த காந்த நாடாவுக்குப் போய்விடும். ஐபிஎம் 1974இல் கொண்டுவந்த 3850 இயந்திரத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு.

ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளுக்கு இது ஏன் தேவைப்படும் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஏ4 பக்கமொன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் வருடி, சுருக்காமல் வைத்தால் சுமார் 26 மெகாபைட். 200 பக்க நூல் 5 ஜிகாபைட்டைத் தாண்டும். வாசகர் கேட்பதோ சிறிய பிடிஎஃப் மட்டுமே. எனவே பிடிஎஃப் வன்தட்டிலேயே நிற்க வேண்டும், நாடாவுக்குரியவை மூலப்படங்கள்.

நகர்த்தலுக்கு இரண்டு வரம்புகள் போதும். வன்தட்டு, எடுத்துக்காட்டாக, 85 விழுக்காடு நிரம்பியதும் தொடங்கி 70க்கு இறங்கியதும் நிறுத்தலாம். நெடுநாள் தொடாத பெரிய கோப்புகள் முதலில் போகும். நாடாவில் எழுதிய பிரதியைச் சரிபார்த்த பிறகே வன்தட்டில் இடம் விடுவிக்கப்படும். பழைய இடத்தில் பெயரும் அளவும் தேதியும் கொண்ட ஒரு குறுங்கோப்பு மிஞ்சும்.

உண்மையான சிக்கல் மீட்டழைப்பில்தான். குறுங்கோப்பைத் திறந்ததும் ரோபோக் கை நாடாவை எடுத்துப் பொருத்தி, உரிய இடம்வரை சுற்ற வேண்டும். ஓரிரு நிமிடமாவது ஆகும். ஒரு நூலின் 200 பக்கங்களையும் தாறுமாறாகக் கேட்டால் நாடா முன்னும் பின்னும் ஓடித் தேயும். ஆகவே ஒரு நூலின் பக்கங்களை ஒரே பொதியாக எழுதுவதும், கோரிக்கைகளை நாடாவில் உள்ள வரிசைப்படி அடுக்குவதும் நல்லது. வைரஸ் தடுப்பு நிரல், தேடல் அட்டவணை, சிறுபட முன்னோட்டம் ஆகியவை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவை. குறுங்கோப்புகளைத் தொடாதபடி அவற்றை அமைக்காவிட்டால், ஒரே இரவில் சேகரம் முழுவதும் வன்தட்டுக்குத் திரும்பத் தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க வேறு வழியும் உண்டு. துகள் இயற்பியல் ஆய்வகமான சேர்ன் 2020 முதல் பயன்படுத்தும் சிடிஏ என்ற நாடாச் சேமிப்பு முறையில் நாடா தனி அடுக்கு. வேண்டிய தரவை முன்கூட்டியே கேட்டு வட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

சிறிய சேகரங்களுக்கும் இதுவே பொருந்தும். மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கு மலர் அச்சிட முனைவோருக்குப் பழைய ஒளிப்படங்களின் மூலப்படங்கள் வேண்டியிருக்கும். திருவிழாக் காலம் முன்பே தெரிந்தது. அவற்றை ஒரே தொகுதியாக வரவழைத்து, அச்சு வேலை முடியும்வரை வன்தட்டில் நிறுத்திவைக்கலாம்.

நகர்த்தல் காப்புப்பிரதி ஆகாது. இடம் மாறிய கோப்புக்கு அந்த நாடா ஒன்றே கதி. மாரி வெள்ளம் ஏறும் ஊர்களும், 1978 நவம்பரில் சூறாவளி தாக்கிய கரையும் உள்ள மட்டக்களப்பில் இரண்டாவது நாடாவை மாவட்டத்துக்கு வெளியே வைப்பதே முறை. எந்தக் கோப்பு எந்த நாடாவில் என்று சொல்லும் தரவுத்தளத்துக்கும் பிரதி வேண்டும். அது அழிந்தால் குறுங்கோப்பு வெறும் பெயர்தான். நாடாக் கருவிகளும் பழையதாகும். எல்டிஓ என்ற நாடா வகையின் ஒன்பதாம் தலைமுறைக் கருவி (எல்டிஓ-9) எல்டிஓ-8, 9 நாடாக்களை மட்டுமே படிக்கும். அதற்கு முந்திய நாடாக்களில் உள்ளவற்றை, அவற்றைப் படிக்கும் கருவி இயங்கும்போதே புதியவற்றுக்கு மாற்றி எழுதிவிட வேண்டும்.