வென்றவர்கள் வீதியில்!

வழக்கிலே தோற்றவன் வீதிக்கு வருவதுண்டு. வழக்கிலே வென்றவன் வீதிக்கு வந்து, "எனக்குக் கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றுங்கள்" என்று முழங்கிய விந்தையை நார்வே நாட்டிலே கண்டோம். நாகரிகத்தின் உச்சாணிக் கொம்பிலே இருப்பதாகப் பேர் வாங்கிய நாடு அது! 2023 பிப்ரவரி 23-ல், தலைநகர் ஆஸ்லோவிலுள்ள எரிசக்தித்துறை அமைச்சகத்தின் கூடத்திலே சாமி இன இளைஞர்கள் அமர்ந்துவிட்டனர். போலீசார் தூக்கிச் சென்றனர். மீண்டும் வந்தனர், ஒன்றன்பின் ஒன்றாக அமைச்சகங்களின் வாயிலை மறித்தனர். சிலர் தங்கள் குல உடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணிந்திருந்தனர். அவர்களது எதிர்ப்புக் குறி அது. உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து அன்றோடு 500 நாட்கள்!

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், தோழர்களே! கோயில் சாமியல்ல. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடபகுதியிலே வாழும் தொல்குடி மக்கள். பனிமான் மேய்ப்பது அவர்களிலே பல குடும்பங்களின் தொழில். நார்வேயின் நடுப்பகுதியிலே ஃபோசன் என்றொரு தீபகற்பம். அங்கே ஸ்டோர்ஹெய்யா, ரோவான் ஆகிய இரு மேடுகள் அவர்களது மந்தைகளுக்குக் குளிர்கால மேய்ச்சல் நிலம். அந்த இரு மேடுகளில்தான் 151 காற்றாலைகளை நட்டனர். அரசுக் கம்பெனியான ஸ்டாட்கிராப்ட்டின் பணம், ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி நாட்டுப் பணம், எல்லாம் அங்கே புகுந்தது.

காற்றாலைக்கு நாம் பகைவரா? இல்லை. நிலக்கரிப் புகை குடித்து இருமும் தொழிலாளிக்குத் தெரியும், தூய மின்சாரத்தின் அருமை. சாமி மக்களும் பகைவரல்லர். புவி சூடேறுவதன் அடி முதலில் அவர்கள் முதுகிலேதான் விழுகிறது. பனிக்காலத்திலே பனிக்குப் பதில் மழை பெய்கிறது. அது உறைந்து பாறையாகிறது. கீழேயுள்ள பாசியைக் குளம்பால் தோண்டித் தின்ன மானால் முடியவில்லை. பனிக்கடியிலே மேய்ச்சல் எட்டுமா எட்டாதா என்ற நிலையைக் குறிக்கவே வடசாமி மொழியிலே 'குவோஹ்துன்' என்று தனிச் சொல் உண்டு. எந்த மேட்டிலே காற்று பனியைத் துடைக்கும், எந்தச் சரிவிலே மந்தை பிழைக்கும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான், "சுழலும் இறக்கைகளைக் கண்டால் மான் அண்டாது, நிலம் பாழ்" என்றனர். எடுபட்டதா? 2010-ல் உரிமம், 2013-ல் அமைச்சகத்தின் ஒப்புதல், 2016-ல் வேலை தொடக்கம். 2018 டிசம்பரில், இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, வேலையை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டது. நார்வே அரசு நிறுத்தவில்லை.

2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேய்ப்பர் சொன்னதை ஒப்புக்கொண்டது. அந்த மேய்ச்சல் நிலம் இழந்ததுதான் என்றது. ஒப்புக்கொண்டு என்ன தந்தது? ஏறத்தாழ 9 கோடி குரோனர்! வேலியடைத்து மானுக்குத் தீவனம் போட்டுக்கொள்ளலாமாம். நிலத்தை எடுத்துக்கொண்டு நோட்டை நீட்டும் வித்தை நமக்குப் புதிதா? மலையிலே திரியும் மந்தையைப் பட்டியிலே அடைத்தால், மேய்ப்பன் வெறும் காவற்காரனாகிவிடுவானே!

2021 அக்டோபர் 11. உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலிலே கூறினர்: சிறுபான்மையினர் தம் பண்பாட்டைப் பேணும் உரிமையைக் காக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 27-வது பிரிவு மீறப்பட்டது, உரிமம் செல்லாது. பசுமை மின்சாரம் தேவைதான், ஆனால் மேய்ப்பரை இவ்வளவு பாதிக்காத வேறு இடத்தைத் தேர்ந்திருக்கலாம் என்றும் சுட்டினர். ஆனால் நட்டுவிட்ட காற்றாலைகளை என்ன செய்வது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அந்தச் சந்திலே புகுந்துகொண்டது அரசு. ஆராய வேண்டும், விவரம் திரட்ட வேண்டும் என்று நாளைக் கடத்திற்று. உரிமம் செல்லாத காற்றாலை ஓடிற்று, மின்சாரம் விற்றது, பணம் வந்தது.

முதல் தடவையா இது? ஆல்டா ஆற்றிலே அணை கட்டியபோது, 1979-ல் நார்வே நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதமிருந்தனர் சாமி மக்கள். அணை எழும்பியது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பயனாக 1989-ல் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சிக்காரரின் பிள்ளைகள், பேரர்கள் காலத்திலே அணைக்குப் பதில் காற்றாலை. 'பசுமைக் காலனியாதிக்கம்' என்று அவர்கள் பெயர் வைத்ததிலே பிழையென்ன?

மறியலின் எட்டாம் நாள், 2023 மார்ச் 2-ல், எரிசக்தி அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 2023 டிசம்பரில் தென்ஃபோசன் மேய்ப்பரோடும், 2024 மார்ச்சில் வடஃபோசன் மேய்ப்பரோடும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆண்டுதோறும் தொகை உண்டு. தென்ஃபோசனுக்கு வேறு குளிர்கால மேய்ச்சல் நிலம் தேடித்தரும் பொறுப்பு அரசுக்கு. இப்போதைய உரிமக் காலம் முடிந்தபின் ஸ்டோர்ஹெய்யாவிலே காற்றாலையை நீட்டிப்பதானால், 'கூடாது' என்று தடுக்கும் உரிமையும் தென்ஃபோசன் மேய்ப்பருக்குக் கிடைத்திருக்கிறது. 2010-லேயே கேட்டிருக்க வேண்டிய சொல் அது! ஒரு காற்றாலைகூட இறக்கப்படவில்லை.